அளவுக்காரரின் ஒன்பது ஆயுதங்கள்

1943ஆம் ஆண்டு அக்டோபர் எட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. ஜப்பான்காரன் மாற்றி வைத்த டோக்கியோ மணி பத்தே கால்; நம்முடைய சூரியனுக்கு எட்டே முக்கால். விடியற்காலையில் பெய்த தூறல் நின்றுபோய்த் தொழிலாளர் லயத்துக் கூரைகள் சொட்டிக்கொண்டிருந்தன. காற்று இல்லை. அந்த நேரத்தில் மலாயாவில், ஜொகூர் முழுவதும் ஆயுதம் வைத்திருந்தவர்கள் அதை எங்கே ஒளிப்பது என்று தவித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு மனிதர் மட்டும் தம்முடைய ஆயுதங்களை எண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு செம்பருத்தி சாத்தி, ஜப்பான்காரன் லாரி வருகிற பாதையைப் பார்த்தபடி வாசலில் வரிசையாக அடுக்கியிருந்தார்.

அவருக்குப் பெயர் அளவுக்காரர். தோட்டத்து ஆள்கணக்கு எழுதுகிற செக்ரோலில் வேறு பெயர் உண்டு. சம்பள நாளில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே பக்கத்தில் யாரென்று திரும்பிப் பார்ப்பார்.

ரெங்கத்திலிருந்து நாலேகால் மைல் உள்ளே இருந்த ரப்பர் தோட்டம் எங்களுடையது. அதில் புகைக்கொட்டாய் அவர் பொறுப்பு. ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டி, புகையில் காயவைக்கிற கட்டடம் அது. அளவுக்காரருக்கு ஐம்பது வயது. ஒல்லி. புருவத்தில் எப்போதும் சாம்பல். மனிதர்களைப் பார்த்தால் முகத்தைப் பார்க்க மாட்டார். கால் கட்டைவிரலில் தொடங்கிப் புருவம்வரை ஒரு தடவை கண்ணை ஓட்டுவார். அவ்வளவுதான், அளவு எடுத்தாயிற்று. சிலம்பக் கம்பு அதைப் பிடிக்கிறவனுடைய புருவ மட்டத்துக்கு இருக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். எனவே உலகத்தில் உள்ள எல்லாரும் அவருக்கு ஒரு கம்பு நீளம்.

நான் இளைய கிராணியாக, கணக்கு எழுத, வேலைக்குச் சேர்ந்த அன்று, என் சான்றிதழ்களை யாரும் பார்ப்பதற்கு முன் அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"நாலடி பத்தரை அங்குலம்" என்றார்.

"என்னது அண்ணே?"

"உங்க கம்பு. பதினொண்ணு போட்டா மேல அரை அங்குலம் வீணு."

எனக்கு எதையும் சரிபார்க்காமல் விட முடியாது. அறைக்குப் போய் நாடாவை எடுத்து மூன்று முறை அளந்தேன். நாலடி பத்தரை. மூன்றாவது முறை மட்டும் பத்தே முக்கால் வந்தது. பிறகுதான் புருவத்தை உயர்த்தியிருந்தது தெரிந்தது.

இந்தக் கண்ணால் அவர் கெடுத்த கல்யாணம் ஒன்று எனக்குத் தெரிந்து உண்டு. பக்கத்து ஊரான லாயாங் லாயாங்கிலிருந்து பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்தே இருந்ததால் பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. வெற்றிலைத் தட்டு நீட்டப்போகிற சமயம், வாசலில் நின்ற அளவுக்காரர், "பொண்ணு அஞ்சடி, மாப்பிள்ளை நாலரை. ஒரே வீட்ல ரெண்டு கம்பு வேணும்லா" என்றார். எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். அதோடு சரி.

அவர் கம்பு செய்கிற விதத்தை நான் பார்த்திருக்கிறேன். காட்டுக்குள் போய்ப் பிரம்பைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அதைத் தட்டிக் கேட்பார், கேட்டுவிட்டுப் பெரும்பாலும் வேண்டாம் என்று வந்துவிடுவார். ஒருநாள் பதினேழு கொடிகளைத் தட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். "எல்லாம் பொய் சொல்லுது" என்றார். பிடித்தது கிடைத்தால் வெட்டி, ஓடையில் கல்லைக் கட்டி ஊறப்போடுவார். பிறகு புகைக்கொட்டாயின் மேல் அடுக்கில் தொங்கவிடுவார். பிறகு தணலில் வாட்டி, மரக்கவட்டில் கொடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிமிர்த்துவார். கடைசியில் தேங்காயெண்ணெய் தேய்ப்பார். அந்தக் கம்புகள் கறுத்து, புகையும் ரப்பரும் கலந்த ஒரு வாசனையோடு இருக்கும். கம்பு சுற்றிவிட்டு வந்த பையன்களைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம்.

ஏழு பேர் சுற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும், சண்டைக்கு முந்தின காலத்தில், கோயில் பின்புறத்தில். ஏழு பேருக்கும் ஏழு கம்பு, ஏழும் அவரவர் அளவு. அளவுக்காரர் மட்டும் சுற்ற மாட்டார். அவர் எதையும் அடித்து நான் பார்த்ததில்லை. கொட்டாய்க்குள் பாம்பு வந்தால் துடைப்பத்தை எடுப்பார்.

"கைக்கு எட்டுற தூரத்துல கம்பு இருக்கே அண்ணே!" என்று கூரைமேலிருந்து நான் கத்தினேன். பாம்பு வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"ஒரு பாம்புக்கா? ஆயுதத்தையா?" என்று என்னைக் கேவலமாகப் பார்த்தார்.

ஆயுதம் என்ற சொல்லில் அவர் அவ்வளவு கண்டிப்பு. கம்பு என்றால் பொறுத்துக்கொள்வார். குச்சி என்றால் முகம் மாறும். தோட்டத்து வாசலில் கடை வைத்திருந்த சீனத் தவுக்கே ஒருமுறை நல்ல எண்ணத்தோடு, துணி காயப்போட நீளமாக ஒன்று கிடைக்குமா என்று கேட்டுவிட்டார். அளவுக்காரர் திரும்பி நடந்தார். அடுத்த பதினான்கு மாதம் உப்பு வாங்கக்கூட அந்தக் கடையில் கால் வைக்கவில்லை; ரெங்கத்துக்கு நடந்தார். போக எட்டரை மைல், வர எட்டரை மைல் என்று கணக்கில்லாமல் சொல்வார். நாலேகால்தான் என்று நான் எத்தனையோ முறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

கம்போடு நின்றிருந்தால் பரவாயில்லை. வெள்ளைக்காரத் துரை 1942 ஜனவரியில் காரில் ஏறிச் சிங்கப்பூர்ப் பக்கம் போனார். பெரிய கிராணி அதற்கு முந்தின நாளே போய்விட்டார். பங்களாவைக் காவல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று அளவுக்காரர் உள்ளே போனார். துரை முன்பு மைசூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் இருந்தவர். அங்கே சுட்ட கலைமான் ஒன்றின் தலையைச் சுவரில் மாட்டியிருந்தார். அளவுக்காரர் வெளியே வந்தபோது தலை சுவரில்தான் இருந்தது, கொம்பு இல்லை. கொம்பு போன மான் சுவரிலிருந்து பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. சவரம் செய்துகொண்டிருக்கும்போது கண்ணாடி உடைந்துபோன ஆள் மாதிரி இருந்தது.

இரண்டு கொம்பையும் எதிரெதிராக வைத்து, நடுவில் பிடியும் சின்னத் தோல் கேடயமும் வைத்துக் கட்டினார். மான்கொம்பு என்று பெயர். கைக்கெட்டும் தூரத்துக்கு நெருங்கி வந்தவனைக் குத்துகிற ஆயுதம்.

அடுத்தது சுருள்வாள். ரப்பர்ப் பெட்டிகளைச் சுற்றி ஆணி அடிக்கிற இரும்புப் பட்டையை எடுத்து, கல்லில் தேய்த்துத் தேய்த்து, வெற்றிலை மாதிரி வளைகிற வரை தேய்த்து, மரப்பிடியில் அறைந்தார். நாலு முழ நீளம். அதன் அரங்கேற்றத்துக்குக் கோயில் முன் முப்பத்தெட்டுப் பேர் கூடியிருந்தோம். தாமே வீசிக் காட்டுவதாகச் சொன்னார். முதல் வீச்சில் கொடியில் காய்ந்த வேட்டி இரண்டு துண்டாயிற்று. இரண்டாவது வீச்சில் வாள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து அவருடைய இடுப்பையே பிடித்துக்கொண்டது. அசைந்தால் அறுக்கும். மூன்று பேர் எண்ணெய் ஊற்றி, இருபத்தைந்து நிமிடத்தில் அவரை வெளியே எடுத்தோம். அதற்குள்ளேயே நின்றுகொண்டு, "பாத்தீங்களா, எப்படிப் பிடிக்குது!" என்று பெருமைப்பட்டார்.

ஆக மொத்தம் ஒன்பது ஆயுதம். ஏழு கம்பு, ஒரு மான்கொம்பு, ஒரு சுருள்வாள்.

ஜப்பான்காரன் வந்த பிறகு பால்வெட்டு நின்றுபோனது. மரங்களுக்கு நடுவே மரவள்ளி நட்டோம், அதையே தின்றோம். கம்பு சுற்றத் தெம்பு யாருக்கும் இல்லை. பிறகு சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். எங்கள் லயங்களிலிருந்து இருபத்திரண்டு பேர். கம்பு சுற்றிய ஏழு பேரில் ஐந்து பேர் அதில் அடக்கம். ஒருவரிடமிருந்தும் ஒரு வரி வரவில்லை. அளவுக்காரர் மட்டும் வாரா வாரம் ஏழு கம்புக்கும் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். "திரும்பி வந்து கேப்பானுங்கல்ல" என்பார்.

செப்டம்பர் கடைசியில் ஜப்பான்காரனிடமிருந்து ஒரு தாள் வந்தது. தோட்டத்தில் உள்ள ஆயுதங்களின் பட்டியல் வேண்டும். ஆறு கட்டங்கள்: துப்பாக்கி, தோட்டா, வெடி, வாள், ஈட்டி, இதர ஆயுதம். ஒவ்வொன்றுக்கும் எதிரே எண்ணிக்கை. அடியில், இதில் காட்டாத ஆயுதம் ஏதாவது பிறகு கிடைத்தால் கையெழுத்திட்டவரே பொறுப்பு என்று ஒரு வரி. பொறுப்பு என்றால் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. குளுவாங் பாலத்தருகே கம்பத்தில் வைக்கப்பட்டிருந்த தலையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எங்கள் தோட்டத்திலேயே நாலு பேர் இருந்தார்கள்.

கையெழுத்துப் போடவேண்டிய ஆள் நான். துரையும் பெரிய கிராணியும் ஓடிப்போனதால் இருபத்துமூன்று வயதில் நானே பெரிய கிராணி.

ஒன்பது என்று எழுதினால் அவரைக் கொண்டுபோவார்கள். எழுதாவிட்டால், கண்டுபிடித்தால், என்னைக் கொண்டுபோவார்கள். இரண்டு இரவும் ஒரு பகலும் யோசித்தேன். பேனாவை ஆறு முறை தொட்டு ஆறு சைபர் போட்டேன். என் வாழ்க்கையில் தெரிந்தே நான் எழுதிய முதல் பொய்க் கணக்கு அது. கையெழுத்தில் கடைசி எழுத்து கொஞ்சம் ஆடியிருந்தது. தாளை அனுப்பிவிட்டேன்.

மறுநாள் அளவுக்காரர் ஆபீசுக்கு வந்தார். வாசற்படியிலேயே நின்றார்.

"இதர ஆயுதம்ங்கிற கட்டத்துல என்ன போட்டீங்க கிராணியாரே?"

"உங்களுக்கு யார் சொன்னது?"

"என்ன போட்டீங்க?"

"சைபர்."

அவர் கதவை மேலும் கீழும் பார்த்தார். "இந்தக் கதவுல எத்தனை ஆணி?" என்றார்.

"முப்பத்தொண்ணு. மேல் கீல்ல ஒண்ணு விழுந்துடுச்சு."

"கதவாணியை எண்ணத் தெரியுது. என் ஒன்பது மட்டும் கண்ணுக்குத் தெரியலையா?"

"அண்ணே, மெதுவா பேசுங்க! எழுதினா உங்களைத் தூக்கிட்டுப் போயிடுவான்."

"தூக்கட்டும். ஆனா இருக்கிறதை இல்லைன்னு எழுதுறது அசிங்கம். ஒரு துரை, அவன் வெள்ளையோ மஞ்சளோ, நாளைக்கு வந்து, 'இந்தத் தோட்டத்துல ஆயுதம் செய்யத் தெரிஞ்சவன் ஒருத்தன்கூட இல்லையா'ன்னு கேட்டா யாருக்குக் கேவலம்?"

"அப்படி எவனும் கேக்க மாட்டான் அண்ணே!"

சோதனைக்கு அக்டோபர் பதினொன்றாம் தேதி, திங்கட்கிழமை ஆள் வரும் என்று தகவல் வந்தது. பத்து நாள் இருந்தது. ஒன்பதையும் ஒளிக்கும்படி கெஞ்சினேன். மண்ணில் புதைக்கலாம் என்றேன். ஈரத்தில் பிரம்பு உளுத்துவிடும் என்றார். கூரைமேல் செருகலாம் என்றேன். வெயிலில் வளையும் என்றார். கிணற்றில் இறக்கலாம் என்றேன். என் படிப்பையே சந்தேகித்தார். கோயிலில் சாமிக்குப் பின்னால்? "சாமி அளவு வேற" என்றார். ஐந்தாவதாக, பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், அவருக்குத் தெரிந்த மலாய்க்காரர் ஒருவர் வீட்டுப் பரணுக்கு ஒப்புக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொண்டுபோவது. ஏன் இன்றே கூடாது என்றால், "வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. வீட்ல இல்லாம எப்படி வைக்கிறது?"

சரி என்றேன். திங்களுக்கு முன் ஞாயிறு வருகிறது. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. பசி இருந்தாலும் பூஜையை யாரும் விடவில்லை. லயம் முழுக்க, வாசலுக்கு வாசல், பால்வெட்டுகிற கத்தி, மண்வெட்டி, அரிவாள்மனை எல்லாம் கழுவிப் பொட்டு வைத்து அடுக்கியிருந்தது. நானும் ஆபீஸ் மேசையில் செக்ரோல், மைக்கூடு, பேனா மூன்றையும் வைத்துச் சூடம் காட்டினேன். பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி காலையில்தான் எடுக்க வேண்டும். அதுவரை தொடக்கூடாது. சின்னக் குழந்தைக்கும் தெரிந்த முறை.

அப்போதுதான் லாரிச் சத்தம் கேட்டது.

எங்கள் தோட்டத்துக்கு லாரி வருவதென்றால் மூன்றாவது வளைவில் கியர் மாற்றுவார்கள். அந்தச் சத்தத்திலிருந்து ஆபீஸ் வர ஏழு நிமிடம். நான் புகைக்கொட்டாய்க்கு ஓடினேன். முன்னூற்றுப் பத்து அடி தூரம். வேட்டியை மடித்துக் கட்டவும் மறந்து ஓடினேன்.

ஒன்பதும் வாசலில் இருந்தன. வாழையிலை விரித்து, கம்புகள் நீளவாரியாக, மான்கொம்பு, சுருள்வாள். கடைசியில் துடைப்பத்துக்கும் ஒரு பொட்டு.

"அண்ணே! வந்துட்டான்! எடுங்க!"

"யாரு?"

"ஜப்பான்காரன்! இன்னிக்கே வந்துட்டான்! உள்ளே போடுங்க!"

"திங்கக்கிழமைதானே?"

"அண்ணே, லாரி வருது!"

அவர் லாரிச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு ஆயுதங்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பூஜையில வச்சதை எப்படிக் கிராணியாரே எடுக்கிறது? நாளைக்குக் காலையிலதான்."

"நாளைக்கு என் தலை இருக்காது அண்ணே!"

"ஒரு நாள்தானே, வேற எங்காவது கூட்டிட்டுப் போங்க அவனை. மரவள்ளி காட்டுங்க."

நானே எடுக்கக் குனிந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த ஒல்லி மனிதருக்கு அவ்வளவு பிடி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. "குளிச்சீங்களா?" என்றார். நான் அழுதேவிட்டேன் என்று நினைக்கிறேன்.

லாரி நின்றது.

ஒரு ஜப்பானிய சார்ஜனும் நாலு சிப்பாய்களும் இறங்கினார்கள். எல்லாரும் 'துவான்', ஐயா, என்று குனிந்து வணங்கினோம். சார்ஜனுக்கு வயது முப்பது இருக்கும். சந்தை மலாய் நன்றாகப் பேசினார். என்னிடம் வந்து, மடித்து வைத்திருந்த ஒரு தாளை விரித்தார். என்னுடைய ஆறு சைபர்.

லயத்து வாசல்களைப் பார்த்ததும் அவர் புருவம் சுருங்கியது. வீட்டுக்கு வீடு கத்தி, வீட்டுக்கு வீடு அரிவாள், எல்லாவற்றிலும் சிவப்புப் பொட்டு. ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டார். "இனி செஞ்சாத்தா?" இது ஆயுதமா?

"இல்லை துவான், பால் வெட்டுகிற கத்தி."

"இது?"

"மண்வெட்டி, துவான்."

இன்று என்ன விழா என்று கேட்டார். விழாவின் பெயரை மலாயில் சொல்ல வாயெடுத்தேன். பெயரிலேயே ஆயுதம் இருப்பது உறைத்தது. "வேலைச் சாமான்களுக்கு நன்றி சொல்கிற நாள்" என்றேன். பெயரை மறைத்தேனே தவிர, அதில் பொய் இல்லை. முப்பத்தாறு வாசல். முப்பத்தாறு முறை அதே கேள்வி. கடைசியில் புகைக்கொட்டாய்.

சார்ஜன் நின்றார். குனிந்து நடுக் கம்பை எடுத்தார். செம்பருத்தி கீழே விழுந்தது. கம்பின் நடுவை விரலில் வைத்து நிறை பார்த்தார். இரண்டு கையால் பிடித்து ஒரே ஒரு வீச்சு வீசினார். காற்று கிழிந்தது. கம்பு பிடிக்கத் தெரிந்த கை என்பது எனக்குக்கூடப் புரிந்தது. அவர் முகத்தில் ஒரு கணம் ஒரு மகிழ்ச்சி வந்ததாக நினைக்கிறேன். பிறகு அது போய்விட்டது.

தாளை என் நெஞ்சில் வைத்து ஒரு விரலால் அழுத்தினார். ஆறாவது சைபர்மேல் விரல். ஆனால் கேள்வியை என்னிடம் கேட்கவில்லை. அளவுக்காரர் பக்கம் திரும்பினார்.

"இனி செஞ்சாத்தா?"

எனக்கு அந்த மனிதரைத் தெரியும். துணிக்கொடி என்று சொன்னதற்குப் பதினான்கு மாதம் உப்புக்கு நடந்தவர். கம்பு செய்யத் தொடங்கியதிலிருந்து பன்னிரண்டு ஆண்டு இந்தக் கேள்வியை ஒரு துரை வந்து கேட்க வேண்டும் என்று காத்திருந்தவர். அவர் சார்ஜனைக் கட்டைவிரலிலிருந்து புருவம்வரை ஒருமுறை பார்த்தார். அதன்பின் என்னையும், என் நெஞ்சில் இருந்த தாளையும் பார்த்தார். நான் கண்ணை மூடி எண்ணத் தொடங்கினேன். நாலு வரைக்கும் எண்ணினேன்.

"காயு அப்பி, துவான்" என்றார் அளவுக்காரர். விறகு.

கண்ணைத் திறந்தேன். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. புகைக்கொட்டாய்க்கு எரிக்க வைத்திருக்கிற விறகு என்று மலாயில் விளக்கமாகச் சொன்னார். கொஞ்சம் அசடு வழியவும் செய்தார். அவருக்கு அசடு வழியத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"விறகா? இவ்வளவு நேராகவா?"

"நேரா இருந்தா அடுக்க எடம் கம்மி, துவான்."

"இது?" மான்கொம்பு.

"தொப்பி மாட்ட."

"இது?" சுருள்வாள்.

"தண்ணிப் பீப்பாய்க்குப் பட்டை."

சார்ஜன் கம்பை அவர் கையில் கொடுத்தார். "விறகுதானே? எரி."

அளவுக்காரர் கம்பை வாங்கினார். வாங்கியவர், பழக்கத்தில், மூன்று விரலால் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நில்!" என்றார் சார்ஜன். "விறகைக் கும்பிடுவாயா?"

நான் தாளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னிக்கு எல்லாத்தையும் கும்பிடுவோம், துவான்" என்று துடைப்பத்தைக் காட்டினார் அளவுக்காரர். துடைப்பம் பொட்டோடு இருந்தது. ஒரு சிப்பாய் சிரித்துவிட்டான். சார்ஜன் சிரிக்கவில்லை. ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அளவுக்காரர் அடுப்பு மூட்டினார். அரிவாளால் துண்டாக்க வேண்டுமா என்று நான் கேட்டேன்; வேண்டாம் என்று தலையசைத்தார். ஒவ்வொன்றாக முழுசாகவே உள்ளே விட்டார். எண்ணெய் ஊறிய பிரம்பு சீறிக்கொண்டு எரிந்தது. ஒவ்வொன்றை விடும்போதும் வாய்க்குள் ஏதோ சொன்னார். மந்திரம் என்று சார்ஜன் நினைத்திருக்கலாம். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. "அஞ்சடி ஒண்ணு... நாலடி ஒன்பதரை... அஞ்சடி..." சயாமுக்குப் போனவர்களை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

இடையில் சார்ஜன் தண்ணீர் கொதிக்கவைக்கச் சொன்னார். அளவுக்காரர் அந்த நெருப்பிலேயே வைத்தார். நாலாவது கம்பில் தண்ணீர் கொதித்தது. தேத்தண்ணி கிடையாது, மரவள்ளி மாவைக் கரைத்துக் கொடுத்தோம். குடித்தார்கள்.

மான்கொம்பை ஆணி அடித்துத் தூணில் மாட்டிக் காட்டச் சொன்னார் சார்ஜன். காட்டினார். சார்ஜன் தொப்பியைக் கழற்றி மாட்டினார், நின்றது. பிறகு தொப்பி, கொம்பு இரண்டையும் எடுத்துக்கொண்டார். சுருள்வாளைப் பிடியிலிருந்து பிரித்துப் பீப்பாயைச் சுற்றி அறையச் சொன்னார். அறைந்தார். அது அவர் இடுப்பைப் பிடித்ததைவிட இறுக்கமாகப் பீப்பாயைப் பிடித்தது. உள்ளங்கை அறுந்து ரத்தம் வந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

எல்லாம் முடிய ஒரு மணி ஐம்பது நிமிடம். சார்ஜன் என் தாளை வாங்கி, ஆறாவது சைபர் பக்கத்தில் ஒரு சின்ன அடையாளம் போட்டு, ஏறிப் போனார். அவருக்குத் தெரிந்திருந்ததா, தெரிந்துதான் விட்டாரா என்பதை நாற்பது வருடத்துக்கு மேலாக யோசிக்கிறேன். தீர்மானத்துக்கு வர முடியவில்லை.

லாரிச் சத்தம் மூன்றாவது வளைவைத் தாண்டிய பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது. அளவுக்காரர் அடுப்பின் முன் குந்தி, சாம்பலை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே..."

"என்ன?"

"விறகுன்னு உங்க வாயால சொல்லிட்டீங்களே."

அவர் திரும்பவில்லை. "நீங்க சைபர்னு எழுதிக் கையெழுத்துப் போட்டீங்க இல்ல? கணக்கு எழுதுற ஆளு. உங்க கணக்கு தப்பா இருக்கக் கூடாது கிராணியாரே. இப்ப சரியா இருக்கு பாருங்க."

நான் பார்த்தேன். வாழையிலை இருந்தது. ஒன்பது செம்பருத்தி இருந்தது. சரியாகத்தான் இருந்தது.

பேனா பூஜையில் இருந்ததால் அன்று ஒன்றும் எழுதவில்லை. மறுநாள் விஜயதசமி. குளித்து, சூடம் காட்டி, பேனாவை எடுத்துப் பிள்ளையார் சுழி போட்டேன். வருடத்தின் முதல் எழுத்து நல்லதாக இருக்க வேண்டும் என்பார்கள். என்ன எழுதுவது என்று நான் யோசிக்கவே இல்லை. ஒன்றை முடிக்காமல் இன்னொன்றைக் கையில் எடுக்காத மனிதர் அவர். கம்பு ஒன்றுக்கு ஊறல் பதினைந்து நாள், புகை இருபத்தொன்று, தணலும் எண்ணெயும் ஐந்து, ஆக நாற்பத்தொன்று. ஏழு கம்புக்கு இருநூற்று எண்பத்தேழு. மான்கொம்புக்குத் தொண்ணூற்றாறு. சுருள்வாளுக்கு அறுபத்துமூன்று. மூன்று முறை கூட்டினேன். கை ஆடவில்லை. மேலே என் பெயரை எழுதி, அதற்கு எதிரே, என் ஒரு தலைக்காக அளவுக்காரர் கொடுத்ததை எழுதினேன்: நானூற்று நாற்பத்தாறு நாள்.